பெங்களூருவில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது எப்படி: கட்டில் வாங்கும் முன் முடிக்க வேண்டியவை

அல்சூர், இந்திராநகர், கம்மனஹள்ளி, ராமமூர்த்தி நகர் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் நம்ம ஆட்களில் பலருக்கு இப்போது ஒரே யோசனைதான்: மாடி சும்மாதானே கிடக்கிறது, மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் கணக்கில் விட்டால் கூடுதலாக வருமே. யோசனையில் தப்பில்லை. நிம்ஹான்ஸ், கித்வாய் மருத்துவமனைகளுக்கும் பொம்மசந்திராவில் உள்ள நாராயணா மருத்துவமனைக்கும் சேலம், தர்மபுரி, வேலூரிலிருந்து வருகிற குடும்பங்கள், ஒயிட்ஃபீல்டுக்கு ஒரு வார வேலையாக வருகிற ஐடிக்காரர்கள், யெலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போது அறை கிடைத்தால் போதும் என்று அலைகிற கூட்டம் என எல்லாரும் இங்கே தங்க இடம் தேடுகிறார்கள். சமையலறை உள்ள வீடு, தமிழ் பேசுகிற வீட்டுக்காரர் என்றால் அவர்களுக்கு லாட்ஜைவிட அதுதான் பிடிக்கும்.

ஆனால் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கட்டில், ஏசி, சுவருக்குப் படம், நல்ல போட்டோ, அறை புக்கிங் தளமான ஏர்பிஎன்பியில் ஒரு பக்கம். யாராவது புகார் கொடுத்து போலீஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் "இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா சார்?" என்ற கேள்வி வருகிறது. வேணும். தொல்லை என்னவென்றால் எல்லாவற்றையும் ஒரே கவுன்ட்டரில் வாங்க முடியாது. மாநகராட்சி ஒரு துண்டு, சுற்றுலாத் துறை ஒரு துண்டு, போலீஸ் ஒரு துண்டு, வரி ஒரு துண்டு, அப்பார்ட்மென்ட் என்றால் சங்கம் ஒரு துண்டு. எதை எந்த வரிசையில் முடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: நீங்கள் அதே வீட்டில் குடியிருக்கிறீர்களா?

மற்ற எல்லாம் இதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்ததுதான், அதனால் இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கீழே நீங்கள் குடும்பத்தோடு இருந்துகொண்டு மாடியில் இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டால் அது ஹோம்ஸ்டே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இன்க்ரெடிபிள் இந்தியா ஹோம்ஸ்டே திட்டத்தில் குறைந்தது 1 அறை, அதிகபட்சம் 6 அறை, அதாவது 12 படுக்கை என்று வரம்பு இருக்கிறது. வீட்டுக்காரரும் குடும்பமும் அங்கேயே வசிக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. கர்நாடக சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவும் இதே எண்ணத்தில்தான் நிற்கிறது.

நீங்கள் ஜே.பி. நகரில் இருந்துகொண்டு மாரத்தஹள்ளியில் இருக்கும் காலி ஃப்ளாட்டின் சாவியை ஒரு நம்பர் பூட்டில் வைத்துவிட்டு விருந்தினரை அனுப்புகிறீர்கள் என்றால் அது ஹோம்ஸ்டே இல்லை. விளம்பரத்தில் ஹோம்ஸ்டே என்று எழுதலாம். அதிகாரியின் கண்ணுக்கு அது சர்வீஸ் அபார்ட்மென்ட் அல்லது லாட்ஜ், அதாவது வணிகம். அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரில் ஃப்ளாட், இங்கே அப்பா பார்த்துக்கொள்கிறார் என்கிற ஏற்பாடும் இந்த வகையில்தான் விழும், அப்பா அந்த ஃப்ளாட்டிலேயே வசிக்கவில்லை என்றால்.

வாடகை வீட்டை எடுத்து அதையே நாள் கணக்கில் விடலாம் என்று யூடியூபில் நிறைய பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெங்களூருவில் வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், "உள்வாடகைக்கு விடக் கூடாது" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இதைச் செய்தால் போவது தொழில் மட்டுமில்லை, கட்டிய அட்வான்ஸும் சேர்ந்துதான். வாட்ஸ்அப்பில் "சரி பாத்துக்கோங்க" என்று சொன்னார் என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. நாள் வாடகைக்கு விடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது: சொத்துக் காகிதமும் சங்கமும்

தனி வீடு என்றால் பாதித் தலைவலி குறைவு. அப்பார்ட்மென்ட் என்றால் வேறு எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான வளாகங்களில் டீட் ஆஃப் டிக்ளரேஷன் என்று ஒரு பத்திரமும் அதோடு பைலாவும், அதாவது சங்க விதிகளும் இருக்கும். ஃப்ளாட் வாங்கியபோதே அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று நாம் கையெழுத்துப் போட்டிருப்போம், படித்திருக்க மாட்டோம், அவ்வளவுதான். அதில் "குடியிருப்புக்கு மட்டும்" என்ற வாசகம் இருந்தால் அதை வைத்துத்தான் சங்கம் உங்களை நிறுத்தும். இன்னும் சில வளாகங்களில் குறைந்தது இத்தனை மாதம் என்று வாடகைக் காலத்துக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: சங்கம் வேண்டாம் என்றால் அந்த ஃப்ளாட்டில் செய்யாதீர்கள். "என் வீடு, என் இஷ்டம்" என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குள் செக்யூரிட்டி ஒவ்வொரு விருந்தினரையும் கேட்டில் அரை மணி நேரம் நிற்க வைப்பார், லிஃப்ட் கார்டு வேலை செய்யாது, நள்ளிரவில் வந்து இறங்கியவர் உங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார். சங்கம் ஒத்துக்கொண்டால் அதைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த வருஷம் கமிட்டி மாறும். தனி வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, உங்கள் செல் நம்பரைக் கொடுத்துவிடுவது நல்லது. ராத்திரி சத்தம் கேட்டால் அவர்கள் 112-ஐ அழைப்பதற்கு முன் உங்களை அழைக்கட்டும்.

காகிதத்தில் கத்தா முக்கியம், அதாவது சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு. இப்போது எல்லாம் ஆன்லைனில் வரும் இ-கத்தா. உங்கள் சொத்து விதிப்படி சரியான ஏ கத்தாவா, விதியில் குறை உள்ள பி கத்தாவா, பெயர் சரியாக இருக்கிறதா, அப்பா பெயரிலேயே இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய கண்டோன்மென்ட் பக்கத்து வீடுகளில் தாத்தா பெயரில் கத்தா, மூன்று பேருக்குப் பாகம், ஒருவர் சென்னையில் என்கிற கதை நிறைய. எல்லாருடைய சம்மதக் கடிதமும் இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. சொத்து வரி ரசீதும் நடப்பு வருஷம் வரை கட்டியதாக இருக்க வேண்டும். சொந்தக் குடியிருப்பு என்று வரி கட்டிக்கொண்டு உள்ளே லாட்ஜ் நடத்தினால், பிடிபடும் நாளில் வித்தியாசத்தை அபராதத்தோடு கேட்பார்கள்.

மாநகராட்சி: இப்போது ஒன்றில்லை, ஐந்து

பெங்களூரு மாநகராட்சியை பிபிஎம்பி என்று பழக்கத்தில் சொல்கிறோம், ஆனால் அது இப்போது இல்லை. 2025 செப்டம்பர் முதல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். உங்கள் வீடு எதில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வார்டு அலுவலகம் அதே கட்டடத்தில் இருந்தாலும் கோப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இங்கே கேட்க வேண்டியது டிரேட் லைசென்ஸ், அதாவது தொழில் உரிமம். இதைக் கவனிப்பது சுகாதாரப் பிரிவு, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். காலி ஃப்ளாட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள், பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) மாதிரி பல அறைகளை நடத்துபவர்கள் இது இல்லாமல் தொடங்கவே கூடாது. குடியிருக்கும் வீட்டில் ஓரிரு அறை விடுபவர்கள், தங்கள் வீட்டுக்கு இது தேவையா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுன்ட்டரில் "வேண்டாம் போங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த மாதம் வேறு வார்டுக்கு மாறியிருப்பார். "எல்லா லைசென்ஸும் ஒரே பேக்கேஜ்ல முடிச்சுத் தர்றேன்" என்கிற புரோக்கரிடம், எந்தத் துறையின் எந்தச் சான்றிதழ், யார் பெயரில், எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசமாகக் கிடைப்பது வீட்டு இணைப்புக்குத்தான். முழுக்க வாடகைத் தொழிலாக ஓடுகிற தளத்துக்கு அதே மீட்டரில் சலுகை வாங்கிக்கொண்டிருப்பது தேவையில்லாத வம்பு. மின்சாரம் கொடுக்கும் பெஸ்காம் நிறுவனத்தின் அலுவலகத்தில் உங்கள் பயன்பாட்டுக்கு எந்தக் கட்டண வகை என்று கேட்டு, தேவையானால் மாடிக்குத் தனி மீட்டர் போட்டுவிடுங்கள்.

வாசலில் பெயர்ப் பலகை வைப்பதானால் கன்னடம் 60 சதவீத இடத்தில் இருக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட சட்டம் இது, வணிகப் பெயர்ப் பலகைகளுக்குப் பொருந்தும். தமிழில் ஒரு வரி சேர்க்கலாமே என்று ஆசையாக இருக்கும்; 60 போக மிச்சத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாத் துறைப் பதிவு

மேலே சொன்ன மாதிரி குடியிருக்கும் வீடு என்றால் இங்கே வரலாம். மாநிலச் சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'நிதி' (NIDHI) என்ற இணையதளத்தில் விண்ணப்பித்தால், அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு கோல்டு அல்லது சில்வர் தரம் கொடுப்பார்கள். சொத்துக் காகிதம், அடையாளச் சான்று, அறைகளின் படம், நீங்கள் அங்கேயே வசிப்பதற்கான ஆதாரம் ஆகியவை கையில் இருந்தால் இதில் பெரிய சிக்கல் கிடையாது. பார்க்க வருபவர்கள் குளியலறை, தண்ணீர், தீயணைப்புச் சாதனம், விருந்தினர் பதிவேடு இதையெல்லாம்தான் கவனிப்பார்கள். இத்தாலிய மார்பிள் யாரும் கேட்கவில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், முதலாவது, போலீஸோ சங்கமோ கேட்கும்போது காட்ட ஒரு அரசாங்கக் காகிதம். இரண்டாவது, கடன். 2025–26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் (சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டக் கடன்) என்று அறிவித்தார்கள், வங்கியில் போய்க் கேட்க பதிவு கையில் இருப்பது உதவும்.

விருந்தினர் பதிவேடு, வெளிநாட்டு பாஸ்போர்ட்

நம்ம ஆட்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வருகிறது, கோலாலம்பூரிலிருந்து தூரத்துச் சொந்தம் வருகிறது, தமிழில்தான் பேசுகிறார்கள், மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் அவர்கள் வெளிநாட்டினர் என்று தோன்றுவதில்லை. சட்டத்துக்குப் பாஸ்போர்ட்தான் கணக்கு. வெளிநாட்டுக் குடிமகன் யார் தங்கினாலும், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். பல வருஷமாக இதை 'சி' ஃபாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவரும் வெளிநாட்டுக் குடிமகன்தான், அவரையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

இதற்கு எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் தளத்தில் உங்கள் வீட்டைத் தங்குமிடமாக முன்கூட்டியே பதிவு செய்து, அனுமதி கிடைத்த பிறகுதான் படிவத்தை அனுப்ப முடியும். அதனால் முதல் வெளிநாட்டு விருந்தினர் டாக்ஸியில் ஏறிய பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள். பெங்களூரு அலுவலகம் சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் போக வேண்டியிருக்காது, எல்லாம் ஆன்லைன்தான். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. ஆகவே பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிவம் நிரப்பாமல், தளத்தில் இன்று என்ன கேட்கிறார்களோ அதைக் கொடுங்கள். படிவம் போனதற்கான நகலைக் கட்டாயம் சேமித்து வையுங்கள்.

உள்நாட்டு விருந்தினருக்கு ஒரு நோட்டுப் பதிவேடு போதும்: பெயர், எங்கிருந்து, எங்கே போகிறார், செல் நம்பர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அறையில் தங்கும் ஒவ்வொரு பெரியவரின் அடையாள அட்டையையும் பாருங்கள், புக்கிங் செய்தவருடையது மட்டும் போதாது. ஆதாரை வாங்கினால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். எல்லாருடைய ஆதாரையும் முழுசாக வாட்ஸ்அப்பில் வாங்கிக் குவித்து வைப்பது உங்களுக்குத்தான் ஆபத்து. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய், இந்த முகவரியில் இப்படி ஒன்று நடத்துகிறோம் என்று கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகாத ஜோடிக்கு அறை கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வயது வந்த இருவர் சேர்ந்து தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதையே சொல்லி சீலை அகற்றச் சொன்னது. உங்கள் வீட்டில் குடும்பங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள நினைத்தால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள், பெட்டியோடு வாசலில் நிற்பவரிடம் சொல்லாதீர்கள். 18 வயதுக்குக் கீழே யாராவது தனியாக வந்தாலோ, கூட வந்தவர் உறவு சொல்லத் தடுமாறினாலோ அறை கொடுக்காதீர்கள், அதில் தாட்சண்யமே வேண்டாம்.

கேமரா வாசலிலும் படிக்கட்டிலும் மட்டும், அதுவும் இருக்கிறது என்று பலகையில் எழுதிவிட்டு. அறைக்குள், ஹாலுக்குள் "பாதுகாப்புக்காக" வைத்தேன் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் சிறைத் தண்டனைக் குற்றமாக வைத்திருக்கிறது.

வரி

இதை ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஆனால் போகும் முன் இவ்வளவாவது தெரிந்திருக்கட்டும். ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரிச் சலுகை (நீங்கள் வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழிப்பது) கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2,500 ரூபாய் அறைக்கு 125 ரூபாய் வரி, அவ்வளவுதான். முழு வீட்டை ஒரே யூனிட்டாக 8,000 ரூபாய்க்குப் போட்டால் 18-க்குப் போய்விடும் என்பதால் விலை வைக்கும்போதே இதை யோசியுங்கள்.

வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. அப்போது ஏர்பிஎன்பி போன்ற தளம் வழியாக வரும் புக்கிங்குக்குத் தளமே வரியை வசூலித்துக் கட்டும். தாண்டினால் நீங்களே பதிவு செய்து கட்ட வேண்டும், தளம் 0.5 சதவீதம் பிடித்து உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் சேர்க்கும். இந்த 20 லட்சம் என்பது இந்த வீட்டுக்கு மட்டுமான கணக்கில்லை, உங்கள் பான் நம்பரில் இந்தியா முழுக்க வருகிற எல்லா வியாபாரமும் சேர்ந்தது. சேலத்தில் இரண்டு கடையை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அதுவும் இதில் சேரும். இதைத் தெரியாமல் விட்டுவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு முழிப்பவர்கள் நிறைய.

வருமான வரிப் பக்கம், தளங்கள் 0.1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கும்; தனிநபர் பான் கொடுத்திருந்து வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள் என்றால் பிடிக்காது. பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் தெரியும். ஆகவே கணக்கில் காட்டாமல் விடலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வீட்டு வாடகை வருமானமா, தொழில் வருமானமா என்பதில் கழிவுகள் மாறும், ஆடிட்டருக்குக் கொடுக்கும் காசு அங்கேதான் பலன் தரும்.

மிச்சம் மீதி

இட்லி, காபி கொடுத்துக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் அடிப்படைப் பதிவு எடுங்கள். வருஷத்துக்கு 100 ரூபாய்தான், இதற்குக்கூடச் சோம்பல் பட்டால் எப்படி. மது விற்பதற்கு கலால் உரிமம் வேண்டும், அந்தப் பக்கமே போகாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. அறைக் கதவின் உள்பக்கம் இதைத் தமிழ், கன்னடம், ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் வணிகப் பயன்பாட்டை அது ஏற்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள், பல பாலிசிகள் ஏற்பதில்லை. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது என்றால் வங்கி ஒப்பந்தத்தையும் ஒரு புரட்டு புரட்டுங்கள்.

வரிசை இதுதான்: கத்தாவும் சங்கமும் முதலில், அப்புறம் மாநகராட்சி, அது நடந்துகொண்டிருக்கும்போதே சுற்றுலாப் பதிவும் எஃப்ஆர்ஆர்ஓ பதிவும், அப்புறம் ஆடிட்டர், அதற்குப் பிறகு தளத்தில் விளம்பரம். எல்லாக் காகிதத்தின் நகலையும் ஒரே ஃபைலில் போட்டு அந்த வீட்டிலேயே வையுங்கள், விசாரிக்க வருகிறவர் நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் வருவார். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தமிழ்நாடு. எஃப்ஆர்ஆர்ஓ, ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் மேலே சொன்னதுதான், ஆனால் உரிமத்துக்கு ஓசூர் மாநகராட்சியையும் தமிழ்நாடு சுற்றுலாத் துறையையும்தான் பார்க்க வேண்டும். இங்கே வாங்கிய எந்தச் சான்றிதழும் அங்கே செல்லாது.